ஐந்து மணிக்குக் கடையைச் சாத்தினால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மொரீஷியஸுக்குச் சுற்றுலா போய் வந்த வாசகர் ஒருவரின் கடிதத்தைப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். (இணையத்தில்தான். இங்கே அச்சுப் பிரதி கிடைப்பதில்லை.) நீலக் கடல், சிரித்த முகங்கள், யாருக்கும் எதிலும் அவசரமில்லை, பூலோக சொர்க்கம் என்று எழுதியிருந்தார். நல்லது. இதே நாட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். "சுத்த சோம்பேறிகள், நாலரை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், இந்த ஊரில் ஒரு காரியமும் நடக்காது" என்பார்கள். யோசித்தால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருத்தர் ஒரு வாரம் ஓட்டலில் தங்கிவிட்டுச் சொல்கிறார், இன்னொருத்தர் ராத்திரி ஏழு மணிக்குக் குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடிவிட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் சென்னைக்காரி. சில வருடங்களாக ரோஸ் ஹில்லில் வாடகை வீட்டில் இருக்கிறேன், எபேன் சைபர் சிட்டியில் கணக்கு வேலை. எபேன் என்பது நம் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில் நட்டு வைத்த மாதிரி இருக்கும். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வேகமும் நம்மூர் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கட்டடத்துக்கு வெளியே காலை வைத்ததும் வேறு கணக்கு ஆரம்பித்துவிடும்.

வியாழக்கிழமை மத்தியானம் ரோஸ் ஹில்லிலோ க்யூர்பீப்பிலோ ஒரு பல்பு வாங்கப் போய்ப் பாருங்கள். தெருக் கடைகளில் பாதிக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். இந்த மாதிரி மேட்டு ஊர்களில் வியாழக்கிழமை அரை நாள்தான் என்பது ரொம்பப் பழைய வழக்கம். தலைநகரம் போர்ட் லூயியில் அதுவே சனிக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை காலையோடு சரி. பெரிய மால்களும் சூப்பர் மார்க்கெட்டுகளும் வந்த பிறகு இதெல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஆனாலும் தெருக் கடைக்காரர் இன்னும் மனைவி மக்களோடு சாப்பிட வீட்டுக்குப் போகிறவர்தான். ராத்திரி ஏழு எட்டுக்கு மேல் பஸ்ஸை நம்பி எங்கும் கிளம்ப முடியாது. டிசம்பர் 20 தாண்டிவிட்டால் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் யாரும் அகப்பட மாட்டார்கள். கட்டட வேலையே புத்தாண்டு கழிகிற வரை படுத்துவிடும். உங்கள் குளியலறை ஓட்டையாகக் கிடந்தால் அது அப்படியேதான் கிடக்கும்.

இதில் நம்மவர்கள் முதலில் அடி வாங்கும் இடம் கவுன்டர். வங்கியோ, தபால் ஆபீஸோ, மருந்துக் கடையோ, நேராகப் போய் "இது இருக்கா?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், ஒரு நொடி பேசாமல் இருப்பார், அப்புறம் மெதுவாக "போன்ஜூர்" என்பார். அதாவது, முதலில் எனக்கு வணக்கம் சொல், பிறகு உன் வேலையைச் சொல். நீங்களும் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு வேலை நடக்கும், பெரும்பாலும் முகம் சுளிக்காமலே நடக்கும். எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பாட்டி வணக்கம் சொல்லி, குசலம் விசாரித்து, மகளின் பிரசவக் கதையைப் பாதி சொல்லி முடிக்கும்வரை கவுன்டர் பெண்ணும் கேட்டுக்கொண்டிருப்பாள், பின்னால் நிற்கும் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். "சீக்கிரம் ஆகட்டும்மா" என்று ஒரு குரல் வராது. நம்மூர் ரேஷன் கடை வரிசையில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா?

சரி, இதற்குப் பேர் சோம்பேறித்தனமா? நம்மூர் வேகம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அதற்குப் பதில் சொல்லலாம். பத்து நிமிடத்தில் வெங்காயம் வீட்டுக்கு வருகிறது என்றால் வெங்காயத்துக்குக் கால் முளைத்துவிடவில்லை, ஒரு பையன் சிக்னலைத் தாண்டி வண்டி ஓட்டுகிறான். தி.நகரில் ராத்திரி பத்து மணிக்குப் புடவை எடுக்க முடிகிறது என்றால் காலையிலிருந்து ஒரு பெண் அந்தப் புடவைகளை விரித்து விரித்து மடித்துக்கொண்டு நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்காலிக்கு ஒரு சட்டம்! அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பியதும், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் உங்கள் பத்திரிகையிலேயே வந்த செய்திகள்தான். மொரீஷியஸில் ஐந்து மணிக்குக் கடை மூடுகிறது என்று மூக்கால் அழுகிறவர்கள், சென்னையில் அந்த ஐந்து மணிக்குப் பிறகு அடுத்த ஐந்து மணி நேரம் யார் முதுகில் ஏறிப் போனது என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. இங்கே அந்த முதுகு கிடைக்கவில்லை, அதுதான் கோபம்.

இங்கே இருக்கும் நிதானம் சுபாவம் என்று நான் நம்பவில்லை. அது ஒரு ஏற்பாடு. எழுதி வைத்த ஏற்பாடு. 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 20 நாள் விடுமுறை, அதற்கு மேல் இரண்டு நாள், உடம்புக்கு முடியவில்லை என்றால் தனியாக 15 நாள். வருடக் கடைசியில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம். ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் 30 நாள் வரை தனி விடுப்பு. என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அந்த விடுப்பை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். யாரும் அவளிடம் "லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லவில்லை. நான்தான் வாய் வரை வந்ததை விழுங்கினேன், பழக்கதோஷம்.

இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது, அது நம் கதையும்தான். 1834இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு இறக்கினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் அதிகம், சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். அவர்களுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்து போர்ட் லூயியைக் கட்டியிருக்கிறார்கள். கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது, போர்ட் லூயிக்கு வருகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடாமல் அதையும் பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டத்தில் அன்றைக்கு ஒரு விதி இருந்தது: ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். இரட்டை வெட்டு. காய்ச்சலில் படுத்தாலும் வெட்டு. கையில் பாஸ் இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே சுற்றினால் வேலையற்ற நாடோடி என்று பிடித்து அடைத்துவிடுவார்கள். அந்தக் கூலிகளின் பேரப் பிள்ளைகள்தான் இன்றைக்கு வியாழக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்குகிறார்கள். இறக்கட்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

எல்லாம் தேன் என்றும் சொல்ல மாட்டேன். ஓர் அரசு அலுவலகத்தில் என் அனுமதிக் காகிதம் ஒன்று ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் என் பாஸ்போர்ட் போட்டோவே பழசாகிவிட்டது. இன்ன அதிகாரி விடுப்பில் இருக்கிறார், வந்ததும் கையெழுத்தாகும் என்பார்கள். அவர் வருவார், அவருக்கு மேலே இருப்பவர் விடுப்பில் போவார். இதை உள்ளூர்க்காரர்களிடம் சொன்னால் நம்மைவிடக் காரமாகத் திட்டுகிறார்கள். அவர்களுக்கும் நிலப் பத்திரம், பென்ஷன், தண்ணீர்க் குழாய் என்று ஆயிரம் இழுபறி. வெளிநாட்டுக்காரர்தான் "ஐலண்ட் டைம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். பென்ஷனுக்காகக் காத்திருக்கும் கிழவருக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் கிடையாது. கடை மூடுவதும் காகிதம் தூங்குவதும் வேறு வேறு. முதலாவது ஒருத்தருக்கு ஓய்வு, இரண்டாவது எல்லாருக்கும் தலைவலி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "நிதானமான நாடு" என்று லேபிள் ஒட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சில விஷயங்களில் நிதானம் ஆபத்தும்கூட. 2024 ஜனவரி 15, பெலால் புயல். இங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை. மூன்றாம் நிலை அறிவித்துவிட்டால் ஆபீஸ், கடை, பஸ் எல்லாம் நிற்கும், நாடே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அன்றைக்கு அந்த அறிவிப்பு வருவதற்குள் போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களைப் புரட்டிப் போட்டுவிட்டது. வேலைக்குப் போனவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். நாடே கொதித்தது, வானிலைத் துறையின் தலைவர் பதவி விலகினார். எங்கே அவசரப்பட வேண்டும் என்பது இந்த மக்களுக்கும் நன்றாகவே தெரியும்.

அடுத்தது, சுற்றுலாப் பயணி பார்க்காத ஒன்று, நம்மைப் போலக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களும் பார்க்க விரும்பாத ஒன்று. காலையில் தெரு முனைக் கடையில் சுடச்சுட ரொட்டி கிடைக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அதைச் சுடுகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டவர்கள், வங்கதேசம், இந்தியா, மடகாஸ்கர், நேபாளம் என்று ஒப்பந்தத்தில் வந்தவர்கள். துணி ஆலைகளிலும் கட்டட வேலையிலும் அவர்கள்தான். ஒரு அறையில் பல கட்டில்கள், கூடுதல் நேரம் கிடைத்தால் ஓடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கும்பலாக மார்க்கெட்டுக்கு வந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள். அவர்களுக்கு எந்த நிதானமும் கிடையாது. "வெளிநாட்டில் மெதுவான வாழ்க்கை" என்று நாம் கதை பேசும்போது அவர்களும் வெளிநாட்டில் வாழ்கிறவர்கள்தான் என்பது பேச்சில் வருவதே இல்லை. ரொட்டி மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. எபேனிலும் பாருங்கள், பிரான்ஸ் கம்பெனிகளுக்கு வேலை செய்கிற கால் சென்டர் பிள்ளைகள் பாரிஸ் கடிகாரப்படிதான் ஓட வேண்டும். அங்கே இரண்டு மூன்று மணி நேரம் பின்னால், அதனால் இவர்கள் வீட்டுக்குப் போகும்போது இருட்டியிருக்கும்.

பழகிக்கொள்வது பற்றி. காத்திருப்பதற்கு யாரும் பழகிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. கஷ்டம் மாலை நேரம்தான். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மேட்டுப் பகுதியில் குளிரும் தூறலும் வேறு. தெருவில் நடமாட்டம் இருக்காது. டீக்கடை கிடையாது, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, ஆனால் நின்று டீ குடிக்க ஒரு பெஞ்சு இல்லாத ஊரில் நம்மூர் ஆம்பளைகள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாய்கள் குரைக்கும். அம்மாவைக் கூப்பிட்டால் இந்தியாவில் ஒன்றரை மணி நேரம் முன்னால், அவர் சீரியல் முடிந்து படுக்கப் போகிற நேரம். கூட வந்த கணவனுக்கோ மனைவிக்கோ வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் கேட்கவே வேண்டாம், பகல் முழுக்க நான்கு சுவர், நீங்கள் வந்ததும் சண்டை. இரண்டு வருட ஒப்பந்தத்தை ஒரே வருடத்தில் முறித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "கேரியர் வளர்ச்சி இல்லை" என்று காரணம் சொல்வார்கள். நிஜக் காரணம் ஆறு மணி முதல் பத்து மணி வரை.

இங்கத்து மக்கள் அந்த நேரத்தை என்ன செய்கிறார்கள் என்று கவனித்ததில் எனக்குத் தெரிந்தது, அவர்கள் தனியாக இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் பிள்ளைகள் மூன்று பேரும் கூப்பிடு தூரத்தில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் மாடியிலேயே. தமிழ்க் குடும்பம், தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். (ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதே என்று பூரித்துப்போய் வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வருவது நல்லது.) தேவாரம் மட்டும் ஏடு பார்த்துப் பாடுவார். வந்த புதிதில் என் சமையலறை ஜன்னல் வழியாகச் சௌசௌ இரண்டு நீட்டினார், பதிலுக்கு நான் ரசப்பொடி கொடுத்தேன், அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்கு அந்தக் குடும்பம் போகிற அழகைப் பார்க்க வேண்டும். முந்தின ராத்திரியே பிரியாணி தயாராகும். காலையில் அந்தப் பெரிய தேக்சாவைப் பழைய கம்பளியில் சுற்றி, அதன் மேல் ஒரு துண்டைக் கட்டி, கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அணைவாக வைப்பார்கள். சவுக்கு மரத்தடியில் இடம் பிடிக்க மூத்த பேரன் மட்டும் விடிந்ததும் பைக்கில் கிளம்பிவிடுவான். அந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் நிதானம் கிடையாது! பாய், நாற்காலி, ரவானா மேளம், ஐஸ் பெட்டி, மாமியார், குழந்தை எல்லாம் போய் இறங்கி, சாயங்காலம் வரை அங்கேயே. கடலில் நீந்துகிறவர்கள் கொஞ்சம், உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதிகம்.

கோவில் காரியமும் அப்படித்தான். தைப்பூசம் இங்கே நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், அன்று ஆற்றங்கரையிலிருந்து காவடி எடுத்து நடை. காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு வெயிலில் படியேறுகிறவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று, தண்ணீர் குடித்து, ஏறுகிறார்கள். ஸ்பெஷல் தரிசனம், நூறு ரூபாய்க் கியூ என்று எதையும் நான் பார்த்ததில்லை. முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு, எல்லாருக்கும்.

இந்த நாட்டுக்கு வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிரியோல் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வாருங்கள், அரசு அலுவலகத்துக்குக் காலையிலேயே போங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எதையும் நம்பாதீர்கள், வீட்டு ரிப்பேரை டிசம்பருக்கு முன்னால் முடித்துவிடுங்கள், ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் விஷயமாக யாருக்கும் போன் பண்ணாதீர்கள். மாலைப் பொழுதுக்கு மட்டும் வருவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். கூட வருகிறவருக்கு என்ன வேலை, எந்தச் சங்கம், எந்தக் கோவில், எந்தப் பாட்டு வகுப்பு என்று. அதைச் செய்யாமல் வந்துவிட்டு நாட்டைத் திட்டக் கூடாது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பக்கத்தில் சம்பளம், விசா, விமான டிக்கெட் எல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். அதோடு பஸ் எத்தனை மணிக்கு நிற்கும், துணைக்கு வருகிறவர் வேலை பார்க்க முடியுமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விடுப்பு எத்தனை நாள் என்பதையும் ஒரு வரி போடுங்கள். அப்புறம் அந்த ரொட்டிக் கடைத் தொழிலாளர்களைப் பற்றி எழுத உங்கள் நிருபர் யாராவது வந்தால் இடம் காட்ட நான் தயார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்